பால்கனி வேண்டாம்னு சொன்ன மிஸ்டர் தங்கராஜ்

எனக்கு இந்த மாதிரி விஷயத்துல துளிகூட நம்பிக்கை கிடையாது, முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கேட்டு முடிச்சதும் நீங்க என்னை ஒரு மாதிரி பார்ப்பீங்க, அது எனக்குப் பழகிப்போச்சு. நான் டெல்லி ஏர்போர்ட்ல வேலை பாக்கறேன், பெட்டி வரலைன்னு அழுதுகிட்டு வர்றவங்களுக்குப் பதில் சொல்ற கவுன்ட்டர். ஆறு வருஷத்துல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான், எந்தப் பெட்டியும் மாயமா மறையாது, வேற ஏதோ ஊர்ல தப்பான பெல்ட்ல சுத்திக்கிட்டிருக்கும். யாராவது ஆவி கீவின்னு ஆரம்பிச்சா, போய் வேலையப் பாருங்கன்னு சொல்ற ஆள் நான்.

கல்யாணம் முடிஞ்சு எட்டு மாசம் ஆகியும் நானும் பிரபுவும் ஹனிமூன் போகலை. அவருக்கு லீவு கிடைச்சா எனக்குக் கிடைக்காது, எனக்குக் கிடைச்சா அவருக்குக் கிடைக்காது. கடைசியில அடுத்த மார்ச் மாசத்துக்கு ரெண்டு பேருக்கும் லீவு ஒத்துவந்துச்சு, ஐரோப்பான்னு முடிவாச்சு, அதோட சண்டையும் ஆரம்பிச்சுது. அவர் சுவிட்சர்லாந்துன்னார், ஏன்னா அவர் ஆபீஸ்ல எல்லாரும் அங்கதான் போய் பனியில நின்னு போட்டோ எடுத்துட்டு வந்தாங்க. டெல்லியில ரெண்டு மாசம் நடுங்கறது போதாதா, இன்னும் போய் அங்க நடுங்கணுமான்னு நான் கேட்டேன். எனக்குப் பழைய ஊருங்க வேணும், கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கணும், பாலத்துல நின்னு வேடிக்கை பாக்கணும். மூணு வாரம் இழுத்து ப்ராக், வியன்னா, வெனிஸ்னு முடிவாச்சு. அப்புறம் எங்க தங்கறதுன்னு அடுத்த சண்டை. அந்தக் கல்லு ரோட்டுல பெட்டிய யார் இழுக்கறது, ஸ்டேஷன் பக்கம் போடுன்னார் அவர். ஹனிமூனுக்குப் போய் ரயில்வே ஸ்டேஷனையா பாக்கறதுன்னு நான். வியன்னாவை மட்டும் அவருக்கு விட்டுக்கொடுத்து, ப்ராக்ல ஆத்தைப் பார்த்த மாதிரி மூணாவது மாடியில பால்கனி ரூம் பிடிச்சேன். அந்தப் பால்கனி போட்டோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு எனக்கே தெரியாது.

இங்க பேர் விஷயம் ஒண்ணு சொல்லணும், இல்லன்னா உங்களுக்குப் புரியாது. நம்ம ஆளுங்களுக்கு ஏது சர்நேம், இனிஷியல்தானே. டெல்லியில எந்த ஃபாரத்துலயும் அதைக் கேட்டே தீருவாங்க, அதனால என் பாஸ்போர்ட்ல அந்த இடத்துல அப்பா பேர், தங்கராஜ். புக்கிங் எல்லாம் என் பேர்ல. அதனால ஹோட்டல்காரங்க எங்களுக்கு 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் தங்கராஜ்'னு மெயில் போட்டாங்க. மாமனார் பேர்ல ஹனிமூன் போற முதல் மாப்பிள்ளை நான்தான்னு பிரபு ரெண்டு நாள் அதையே சொல்லிச் சிரிச்சார். அவர் எங்கப்பாவைப் பார்த்ததே இல்லை.

அப்பா ஒன்பது வருஷம் முந்தி காணாமப் போனார். சென்ட்ரல் கவர்ன்மென்ட்ல கிளார்க். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ்லேர்ந்து ஒரு ஜனவரி மாசக் காலையில, பத்தடிக்கு அந்தப் பக்கம் தெரியாத பனியில, டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனார். ஆபீஸுக்குப் போய்ச் சேரலை. போலீஸ், ஆஸ்பத்திரி, இன்னும் எங்கெங்கயோ போய்ப் பார்த்தோம், அதையெல்லாம் விடுங்க. ஏழு வருஷம் தகவல் இல்லன்னா இறந்ததா வச்சுக்கலாம்னு சட்டம் இருக்காம். எதுக்குப் போனாலும் இறந்துட்டார்ங்கற பேப்பரைக் கேட்டாங்க, அம்மாவும் நானும் கோர்ட்ல கையெழுத்துப் போட்டோம். என் கல்யாணப் பத்திரிகையில அப்பா பேருக்கு முன்னால 'லேட்'னு அச்சடிச்சது அதுக்கப்புறம்தான். அம்மா நெத்திப் பொட்டை எடுத்ததும் அந்த வாரம்தான். குவார்ட்டர்ஸை எப்பவோ காலி பண்ணியாச்சு, இப்ப துவாரகாவுல ஏழாவது மாடி ஃப்ளாட், நான், பிரபு, அம்மா. இந்த வீட்டை அப்பா பார்த்ததே கிடையாது.

டிசம்பர் மாசம், எனக்கு ஆஃப் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒரு மணி. ப்ராக்லேர்ந்து மெயில் வருது. மிஸ்டர் தங்கராஜ் போன்ல கேட்டுக்கிட்டபடி உங்க பால்கனி ரூமை மாத்தி, தரைத்தளத்துல முற்றத்தைப் பார்த்த ரூம் கொடுத்திருக்கோம்னு. எனக்கு வந்த கோபம் இருக்கே. ஆபீஸ்ல இருந்த பிரபுவுக்குப் போன் பண்ணி, பெட்டி தூக்க சோம்பல்பட்டு என் பால்கனியைத் தொலைச்சிட்டியேன்னு கத்தினேன். "பாகல் ஆயிட்டியா, பைத்தியமா உனக்கு, நான் ஏன் போன் பண்ணப் போறேன்?"னார். சத்தியமா பண்ணலைன்னார்.

நேரா ஹோட்டலுக்கே போன் போட்டேன். எடுத்த பொண்ணு ரொம்பத் தன்மையா பேசினா. ஆமா, முந்தாநாள் பேசினார், வயசானவர், வரிக்கு வரி மேடம் மேடம்னார், ரூம்ல உள்தாழ்ப்பாள் இருக்கா, காலையில வெந்நீர் வருமான்னு எல்லாம் விசாரிச்சார்னு சொன்னா. பேரை ஸ்பெல்லிங் சொல்லச் சொன்னதுக்கு, டி ஃபார் தூத்துக்குடின்னு ஆரம்பிச்சு, ஜி ஃபார் குவாஹாட்டின்னாராம், ஒரு ஊரும் தெரியாம நான் முழிச்சேன்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலை. குவாஹாட்டியில மூணு வருஷம் போஸ்டிங்ல இருந்துட்டு வந்தவர் எங்கப்பா, போன்ல எங்க ஜி வந்தாலும் அதைத்தான் சொல்வார். பால்கனி ஏன் வேண்டாம்னாராம்னு கேட்டேன். "பொண்ணு தூக்கத்துல எழுந்து நடப்பா, அதனால பயமா இருக்குன்னு சொன்னார்"னா.

நான் தூக்கத்துல நடந்ததே இல்லை, அதாவது நடந்ததா எனக்குத் தெரியாது. ஹால்ல அம்மா பட்டாணி உரிச்சுக்கிட்டிருந்தாங்க. சும்மா கேக்கற மாதிரி, சின்ன வயசுல நான் தூக்கத்துல நடப்பேனாம்மான்னு கேட்டேன். அம்மா கை நின்னுபோச்சு.

"உனக்கு யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லலை. சும்மாதான் கேட்டேன்."

"நாலு வயசுல ஒரு தடவை ரெண்டாவது மாடி பால்கனி கம்பி மேல காலைத் தூக்கிப் போட்டுட்ட. அன்னிலேர்ந்து ரெண்டு வருஷம் உங்கப்பா பால்கனிக் கதவுக்குக் குறுக்கேதான் படுத்தார். பொம்பளப் புள்ள, வெளிய தெரிய வேண்டாம், உனக்கும் தெரிய வேண்டாம்னு சொன்னார். எங்க ரெண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதே."

அம்மாகிட்ட ஏதோ சொல்லி மழுப்பிட்டு ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். நீங்க நினைக்கற மாதிரி எனக்குப் பயம் வரலை. சந்தோஷம் வந்துச்சு. அப்பா உயிரோட இருக்கார், எங்கயோ இருக்கார், என் கல்யாணம்கூடத் தெரிஞ்சிருக்கு. பெட்டி தப்பான பெல்ட்ல சுத்திக்கிட்டிருக்குன்னுதான் எனக்குத் தோணுச்சு. வியன்னாவுக்குப் பேசினேன், அங்கயும் பேசியிருக்கார், லிஃப்ட் பக்கத்து ரூம் வேண்டாம், சத்தத்துல அவ முழிச்சுக்குவான்னு சொல்லியிருக்கார். எந்த நம்பர்லேர்ந்துன்னா ரெண்டு இடத்துலயும் நம்பர் வரலைன்னாங்க. பிரபு சாயங்காலம் வந்து முழுசாக் கேட்டார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், இந்த ஹோட்டலெல்லாம் நாம யார்கிட்டயாவது சொல்லியிருக்கோமா? சொல்லலை. விசா வர்றதுக்கு முந்தி சொன்னா கண்ணு படும்னு அம்மாகிட்டகூடச் சொல்லலை. இந்த ரூம்ல, இந்த லேப்டாப்ல, நாங்க ரெண்டு பேரும் மட்டும்தான்.

மிச்சம் வெனிஸ். அங்க இன்னும் அப்படி யாரும் பேசலையாம். ரிசப்ஷன்ல இருந்தவர் வயசானவர், மெதுவா இங்கிலீஷ் பேசினார். அவர்கிட்ட நான் கெஞ்சினேன், வெட்கத்தை விட்டு அழுதுட்டேன். மிஸ்டர் தங்கராஜ்னு ஒருத்தர் பேசுவார், அவர் என் அப்பா, ஒன்பது வருஷமா தேடிக்கிட்டிருக்கோம், போனை வச்சிட விடாதீங்க, எங்க இருக்கீங்கன்னு மட்டும் கேட்டு வைங்கன்னேன். அவருக்கும் பொண்ணு இருக்காம், கண்டிப்பா கேக்கறேன்னார்.

அடுத்த அஞ்சு நாள் நான் எப்படி இருந்தேன்னு சொல்லத் தெரியலை. அம்மாகிட்ட எப்படிச் சொல்றது, மறுபடி பொட்டு வச்சுக்கச் சொல்லலாமா, கோர்ட் பேப்பரை என்ன பண்றதுன்னு யோசிச்சேன். அப்பாவுக்கு ஸ்வெட்டர்கூட ஒண்ணு எடுத்து வச்சேன், நம்பினா நம்புங்க.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, அங்க அப்பதான் காலை ஒன்பது, வெனிஸ்லேர்ந்து அந்த ரிசப்ஷன்காரரே கூப்பிட்டார். பிரபு பக்கத்துல இருந்தார், ஸ்பீக்கர்ல போட்டேன். நேத்து உங்க அப்பா பேசினார்னார். எங்க இருக்கார்னு கேட்டேன்.

"கேட்டேன்மா. அவருக்கு என் கேள்வியே புரியலை. எங்க இருப்பேன், என் வீட்டுலதான் இருக்கேன், பொண்ணு பக்கத்து ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ந்திருக்கான்னார். ஆரம்பத்துலேர்ந்து பால்கனி வேண்டாம்னு சொல்றேன், எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கறா, அதான் உங்களைத் தொந்தரவு பண்றேன் மன்னிக்கணும்னார். ரொம்பக் களைச்சுப்போன குரல். நீங்க திரும்பிப் பாருங்கம்மா, ஏன் பாக்க மாட்டேங்கறீங்க?"

நான் திரும்பினேன். பின்னால அலமாரி, அதுக்குப் பக்கத்துல சாத்தின கதவு, அவ்வளவுதான். பிரபு போனை வாங்கி தேங்க்ஸ் சொல்லி வச்சார்.

நாங்க போகலை. எல்லாத்தையும் கேன்சல் பண்ணியாச்சு. யாரோ விளையாடறாங்கன்னு பிரபு சொல்றார், அப்படியே இருக்கட்டும், ஆனா வீடு மாத்தலாம்னும் அவர்தான் சொல்றார். நான் வரலைன்னுட்டேன். இந்த வீடே அப்பாவுக்குத் தெரியாதுன்னு இருந்தோம், எங்க பின்னாலயே வந்திருக்கார், மறுபடி எப்படி விட்டுட்டுப் போறது. அம்மாகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லலை. என்னைத் திங்கறது அவர் போன் பண்ணினது இல்லை. ஒன்பது வருஷமா கூப்பிட்டிருக்கார், கோர்ட்ல கையெழுத்துப் போட்டப்பவும் பக்கத்துல நின்னு கூப்பிட்டிருப்பார், நான் குனிஞ்சு போட்டுட்டு வந்துட்டேன்.

இப்பவும் ஆஃப் இருக்கற மதியத்துல நான் அந்த ரூம்ல உக்கார்ந்து ஹோட்டல் தேடறேன். லிஸ்பன், புடாபெஸ்ட், ப்ரூஜ், எந்த ஊரா இருந்தாலும் சரி, இருக்கறதுலயே உசந்த மாடி, இருக்கறதுலயே திறந்த பால்கனி. புக் பண்ணிட்டு நாலு நாள் கழிச்சுப் போன் போட்டு, மிஸ்டர் தங்கராஜ் பேசினாரான்னு கேக்கறேன். இதுவரைக்கும் பதினாலு ஹோட்டல், ஒருத்தரும் ஆமான்னு சொல்லலை. போன வாரம் லிஸ்பன்ல ஒரு பையன் எடுத்தான், ரெண்டு தடவை தேடிப் பார்த்தான். யாரும் பேசலை மேடம், கவலைப்படாதீங்க, எட்டாவது மாடி ரூம் உங்களுக்குத்தான்னான்.