நான் தாண்டிப் படித்த சொல்

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். அதில் எனக்குப் பெருமை.

அப்பாவுக்கு வயிறு வீங்கியது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டி, "என்னம்மா போட்டிருக்கு?" என்றார். 'சிரோசிஸ்', அதாவது கல்லீரல் சுருக்கம் என்று புரிந்தது. அதற்கு முன்னால் 'கிரிப்டோஜெனிக்' என்றொரு சொல். அர்த்தம் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் தாண்டிவிட்டேன்.

"குடிக்கிறவங்களுக்கு வர்ற நோய்ப்பா இது."

"நான் எங்க குடிச்சேம்மா?"

"வருஷா வருஷம் முனீஸ்வரனுக்குப் படைக்கிற பாட்டில் எங்க போகுது?"

"அங்கயே ஊத்திட்டுத்தாம்மா வருவேன்."

அம்மா நம்பவில்லை. ஒரு வாரம் அவரிடம் பேசவே இல்லை.

அடுத்த முறை டாக்டரிடம் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "எம் பொண்ணு படிச்ச புள்ளைங்க, தப்பா சொல்லாது. எனக்கே தெரியாம எதுலயாச்சும் சாராயம் கலந்து உள்ள போயிருக்குமாங்க?"

டாக்டர் ரிப்போர்ட்டில் நான் தாண்டிய அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார். "காரணம் தெரியலன்னுதாங்க இதுக்கு அர்த்தம். குடி இல்ல, மஞ்சக்காமாலைக் கிருமியும் இல்ல. எல்லா டெஸ்ட்டும் பாத்துட்டோம்."

அப்பா என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பாத்தியாம்மா, நான் குடிக்கல." அந்தக் குரலில் கோபமே இல்லை.

அவ்வளவு படித்தவர்கள், தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அன்று அப்பா கேட்டபோது அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.