தார்க் களிம்பும் வெட்பாலைத் தைலமும்: அப்பாவோடு ஆறு தூத்துக்குடி சனிக்கிழமைகள்

போன வாரம் என் தம்பி மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். முழங்கையிலும் உச்சந்தலையிலும் செதில் செதிலாக உதிர்கிறதாம். தோல் டாக்டர் சோரியாசிஸ் என்று சொல்லிவிட்டார். கூட வேலை பார்ப்பவள் ஒருத்தி தூத்துக்குடிப் பக்கம் ஒரு சித்த வைத்தியரிடம் போகச் சொல்கிறாள். "அத்தை, தாத்தாவை நீங்கதானே அங்கெல்லாம் கூட்டிண்டு போனேள். டாக்டர் மருந்து கேட்டுதா, வைத்தியர் மருந்து கேட்டுதா?" என்றாள். போனில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதி அனுப்புகிறேன் என்றேன். வைத்தியத்துக்காக அந்தப் பக்கம் போகிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. நான் தூத்துக்குடியில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர், ஆழ்வார்திருநகரியைத் தாண்டி ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்னப் பெருமாள் கோயில் ஊர். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எல்லாம் இன்றைக்கு வாட்ஸப்பில் இருக்கிறார்கள். அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் தளிகை, அதாவது பெருமாளுக்குச் சமையல், பண்ணுகிற வேலை. பரம்பரை முறை. அந்த மார்கழியில் அவர் உள்ளங்கையிலும் முழங்கையிலும் சிவந்து, தடித்து, வெள்ளைச் செதில் உதிரத் தொடங்கியது. ஊரில் நாலு பேர் நாலு பெயர் வைத்தார்கள். அதில் ஒரு பெயரை இங்கே எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை.

தர்மகர்த்தா அப்பாவைக் கூப்பிட்டு, குணமாகும் வரை மடைப்பள்ளிக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பங்குனி உற்சவத்துக்குள் சரியாகாவிட்டால் முறை எங்கள் சித்தப்பாவுக்கு, அதாவது அப்பாவின் பங்காளித் தம்பிக்கு, போய்விடும். அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வேலை அது. அவர் வைக்கிற புளியோதரைக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆள் வரும். எனவே தை முதல் சனிக்கிழமையிலிருந்து வைத்தியத்துக்குத் தூத்துக்குடி வருவதென்று முடிவானது. எனக்கு ஊரும் தெரியும், இங்கிலீஷும் தெரியும் என்பதால் கூட்டிப் போகிற பொறுப்பு என் தலையில்.

அப்பா காலை 6.20 பஸ்ஸில் ஏறுவார். ஏரல், முக்காணி, பழையகாயல், முத்தையாபுரம் வழியாக முப்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் ஒரு ரூபாய் அறுபது காசு என்று ஞாபகம். எட்டேகாலுக்குப் பஸ் நிலையத்தில் இறங்க வேண்டும். ஆனால் புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள் முத்தையாபுரத்தில் வரிசை கட்டி நிற்கும், ஒன்பது ஆகிவிடும். அப்பா இறங்கும்போதே பஸ்ஸில் யார் யார் மேலே பட்டார்கள் என்று ஒரு கணக்கோடுதான் இறங்குவார். வாழ்நாளெல்லாம் வேஷ்டியும் உத்தரீயமுமாக இருந்த மனிதர், கையை மறைக்க யாரிடமோ வாங்கிய முழுக்கைச் சட்டையில் வந்து நிற்பார்.

முதலில் தூத்துக்குடியிலேயே கீழூரில் தோல் டாக்டர். மெட்ராஸில் படித்துவிட்டு வந்த இளைஞர், நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பார்ப்பார். கையைத் திருப்பிப் பார்த்தவுடனே, "சோரியாசிஸ். ஒட்டாது, உயிருக்கும் ஒண்ணும் செய்யாது. ஆனா அடியோட போகாது, வந்து வந்து போகும்" என்றார். தார் வாசம் அடிக்கும் ஒரு களிம்பு எழுதினார். ரோடு போடுகிற இடத்தில் வருமே, அதே வாசம். காலையும் மாலையும் பூசிவிட்டுப் பல மணி நேரம் அப்படியே விட வேண்டும், நாட்டு மருந்து பக்கம் போகக் கூடாது. அப்பா தலையை ஆட்டினார்.

அடியோடு போகாது என்று சொன்ன டாக்டரை அப்பாவுக்குப் பிடிக்குமா? மதியம் ஊர் திரும்பும் பஸ்ஸில் ஏழு கிலோமீட்டர் போய் முத்தையாபுரத்தில் இறங்கினோம். அங்கே ஒரு வைத்தியர் அண்ணாச்சி இருந்தார். அவர் இதைக் காளாஞ்சகப் படை என்றார். "ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு. இருந்த எடம் தெரியாது சாமி" என்றார். இரும்புக் கத்தி படாமல் கையால் கிள்ளிய வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்த தைலம் கொடுத்தார். கண்ணாடிப் பாட்டிலில் கருநீலமாக அவ்வளவு அழகாக இருக்கும். உள்ளுக்குச் சாப்பிட ஒரு பொடி. பிறகு பத்தியம் சொன்னார்: மீன் கூடாது, கருவாடு கூடாது, நண்டு கூடவே கூடாது. எங்கள் வம்சத்தில் யாரும் கண்ணால்கூடப் பார்க்காத பண்டங்களையெல்லாம் அப்பா ரொம்பக் கஷ்டப்பட்டு விட்டுவிடுபவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில் புளியும் கூடாது என்றபோதுதான் உண்மையிலேயே ஆடிப்போனார். இங்கிலீஷ் மருந்தைத் தொடக் கூடாது என்று முடித்தார் அண்ணாச்சி. அதற்கும் அப்பா தலையை ஆட்டினார்.

இப்படி நாலு சனிக்கிழமை போயிற்று. காலையில் டாக்டர், மதியம் வைத்தியர். அவருக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவரைத் தெரியாது. அப்பாவை 2.15 பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் டவுன் பஸ்ஸில் விடுதிக்குத் திரும்புவேன். கை மட்டும் வாரத்துக்கு வாரம் மோசமானது. உள்ளங்கை வெடித்து ரத்தம் கசிந்தது. மருந்து ஒழுங்காகப் பூசுகிறீர்களா என்று டாக்டர் கேட்டால் "பூசறேன்" என்பார். வைத்தியரிடமும் அதே பதில். பொய் இல்லை, பூசத்தான் செய்தார். ஒருவர் களிம்பை மாற்றினார், மற்றவர் பொடியை மாற்றினார். நான் வேதியியல் படிக்கிற திமிரில் வைத்தியரை மனசுக்குள் திட்டினேன். அப்பா டாக்டரைத் திட்டினார்.

ஐந்தாவது சனிக்கிழமை டாக்டர் வீட்டு வராந்தாவில் திரேஸ்புரத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சவேரி என்று பெயர், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். காற்று சரியில்லை என்று அன்றைக்கு வள்ளம் போகவில்லை. அவர் முழங்கையிலும் அப்பாவுக்கு இருந்த அதே தடிப்பு, ஆனால் லேசாக. அப்பாவின் சட்டைக் கை விலகியதும் பார்த்துவிட்டார். முகம் சுளிக்கவில்லை, ஊர்க்காரரைக் கண்டவர் மாதிரி நெருங்கி உட்கார்ந்துகொண்டார். பதினைந்து வருஷமாக இருக்கிறதாம். சங்கு குளிக்கிற மாசங்களில் உப்புத் தண்ணியிலும் வெயிலிலும் கிடப்பதால் குறைந்துவிடுமாம், கரையில் சும்மா இருந்தால் ஏறுமாம். களிம்பும் பூசுவாராம், கடலும் உண்டாம். வாங்க, ஒரு தடவை கடலில் இறங்கிப் பாருங்கள் என்று கூப்பிட்டார்.

அப்பா வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். எங்களில் பெரியவர்கள் கண்ட நாளில் சமுத்திரத்தைத் தொட மாட்டார்கள், அமாவாசை பௌர்ணமி என்று பார்ப்பார்கள். அன்று அமாவாசை. சைக்கிள் ரிக்‌ஷாவில் திரேஸ்புரத்துக்கு இரண்டரை கிலோமீட்டர், ஒரு ரூபாய். வழியெல்லாம் கருவாடு காய்ந்தது. அப்பா உத்தரீயத்தால் மூக்கை மூடிக்கொண்டாலும் கண்ணை மூடவில்லை. வரிசையாக ஏற்றி வைத்த வள்ளங்கள், வலை தைத்துக்கொண்டிருந்த பெண்கள், அலையே இல்லாமல் குளம் போல் கிடந்த கடல். இன்றைக்கும் தூத்துக்குடி என்றால் எனக்கு அந்தக் காலை பத்தரை மணிக் கடல்தான்.

அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சங்கல்பம் சொல்லி, மூன்று முழுக்குப் போட்டார். பிறகு மடியில் செருகியிருந்த எதையோ எடுத்துக் கையைத் தேய்க்க ஆரம்பித்தார். கரையில் நின்ற எனக்கு என்னவென்று தெரியவில்லை. கூட இறங்கிய சவேரி அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். அப்பா கையில் தேங்காய் நார்.

"சாமி, என்ன காரியம் பண்ணுதீய? இது என்ன வெங்கலப் பானையா?"

அப்பா ரொம்ப நிதானமாகப் பதில் சொன்னார். "செதில் போனாத்தானே வியாதி போகும். மருந்துப் பிசுக்கும் போகணும். அதோட எப்படிப் பெருமாளைத் தொடறது?"

கரையில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். களிம்பில் ஆட்டு ரோமக் கொழுப்பு கலந்திருக்கிறது என்று மருந்துக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். தைலமோ எண்ணெய், எண்ணெய்ப் பிசுக்கோடு மடி, அதாவது ஆசாரச் சுத்தம், கிடையாது. மடைப்பள்ளிக்குப் போகாவிட்டாலும் வீட்டுப் பெருமாளுக்கு இரண்டு வேளையும் ஆராதனை உண்டே. ஆகவே களிம்பைப் பூசி, கால் மணி நேரம் பொறுத்து, புளியும் நாரும் போட்டுத் தேய்த்து ஆற்றில் குளித்துவிடுவார். தைலம் பூசி மறுபடி அதே. ஒரு நாளைக்கு நாலு முறை. உருளியைத் துலக்குகிற மாதிரி நாலு வாரமாகத் தன் தோலைத் துலக்கியிருக்கிறார் மனிதர். இரண்டு மருந்தும் தாமிரபரணிக்குத்தான் போயிருக்கிறது. அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவருக்கும் அது சொல்ல வேண்டிய சங்கதியாகத் தோன்றவில்லை, குளிக்கிறதைப் போய் யார் டாக்டரிடம் சொல்வார்கள்?

ஆறாவது சனிக்கிழமை எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் இரண்டு பேரிடமும் முழுக்கதையையும் நானே சொன்னேன். டாக்டர் அன்று கடிகாரம் பார்க்கவில்லை. "நான் கேட்டிருக்கணும்மா" என்றார். தேய்ப்பதை அறவே நிறுத்தச் சொன்னார். தேய்க்கத் தேய்க்க அந்த இடத்திலேயே புதிதாகக் கிளம்பும் என்று விளக்கினார். தைலம் பூசுவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் என்ன கலந்தது என்று தெரியாத பொடி உள்ளே போகக் கூடாது என்றார். வைத்தியர் அண்ணாச்சி பையிலிருந்து பொடியை எடுத்துப் பார்த்தார். பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், ரசம் சேர்ந்தது என்று மறைக்காமல் சொன்னார். பாதரசம். பொடியைத் தானே திருப்பி வாங்கிக்கொண்டு, "தைலம் மட்டும் போடுங்க. புளியும் சாப்பிட்டுக்கிடுங்க சாமி, பாவம்" என்றார்.

அதற்கப்புறம் அப்பா செய்ததுதான் பெரிய காரியம். மருந்து தோலில் தங்க வேண்டுமென்றால் நாள் முழுக்க மடியில்லாமல் விழுப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆராதனையை அம்மாவின் அண்ணாவிடம் ஒப்படைத்துவிட்டு, சொந்த வீட்டுச் சமையலறைக்குள்கூடக் கால் வைக்காமல், காலையில் களிம்பும் மாலையில் தைலமுமாகக் கொல்லைப்புற வெயிலில் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரத்தில் வெடிப்பு மூடியது. பங்குனி உற்சவத்துக்குள் கை கிட்டத்தட்ட வெறும் கையாகிவிட்டது.

தர்மகர்த்தா டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டார். டாக்டர் இங்கிலீஷில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தார். உற்சவத்துக்கு முந்தின வாரம் தர்மகர்த்தா வீட்டுக் கூடத்தில் அப்பா, சித்தப்பா, நான். படித்துத் தமிழில் சொல் என்று என்னிடம் கடிதத்தைக் கொடுத்தார்கள். முதல் வரி, இந்த நோய் தொட்டால் ஒட்டாது. அதைச் சத்தமாகச் சொன்னேன். இரண்டாவது வரி, இது திரும்ப வரக்கூடியது, நெருப்பும் ஈரமுமான வேலையில் சீக்கிரமே வரும். அதை நான் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துவிட்டேன். அந்தக் கூடத்தில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தர்மகர்த்தா அப்பாவின் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, உற்சவத் தளிகைக்கு வந்துவிடுங்கள் என்றார்.

அப்பா எழுந்திருக்கவில்லை. "இன்னொரு வரி இருக்குடி. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் டாக்டர் எழுதினார். அதையும் படி" என்றார்.

படித்தேன். தர்மகர்த்தா அப்பாவின் கைகளை மறுபடி திருப்பிப் பார்த்தார். வந்து வந்து போகுமென்றால் ஒவ்வொரு தடவையும் ஜனங்களுக்கு யார் பதில் சொல்வது என்றார். முறை சித்தப்பாவுக்குப் போனது. அப்பாவுக்கு உக்கிராண அறை, அதாவது அரிசி பருப்பு அளந்து கொடுக்கிற வேலை, கிடைத்தது. வீட்டுக்கு நடக்கும்போது நான் அழுதேன், அவர் மேல் அப்படி ஒரு கோபம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்றேன்.

இனி, போகிறவர்களுக்கு. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி ஐம்பது கிலோமீட்டர், இப்போது ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். திரேஸ்புரத்துக்குக் காலையில் போங்கள், ஆனால் கடலில் இறங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வெடித்த தோலில் உப்பு தீயாக எரியும், எல்லாத் தோலுக்கும் வெயில் ஒத்துக்கொள்வதும் இல்லை. மண்டலக் கணக்கில் அடியோடு போக்குகிறேன் என்று யார் சொன்னாலும் உள்ளே போகும் மருந்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எங்கள் அண்ணாச்சி மாதிரி எல்லோரும் சொல்ல மாட்டார்கள்.

உன் கேள்விக்கு வருகிறேன், கண்ணே. களிம்பா, தைலமா, கடலா, எது குணமாக்கியது என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்பாவுக்கு அது ஒவ்வொரு மழைக்காலமும் வந்தது, ஒவ்வொரு கோடையும் போனது. இருபது வருஷம் அப்படி இருந்தார். அவர் மறுபடி மடைப்பள்ளிக்குள் போகவே இல்லை. ஆனால் தர்மகர்த்தா வீட்டிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் தைலப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். "நீயே பூசி விடு. இனிமே மடைப்பள்ளிக்காக இதை அலம்ப வேண்டியதில்லை" என்றார். அவ்வளவு நிம்மதியாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.