கழுவி வைத்த கிணறு

நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. ஒரு குடம் தண்ணீருக்கு ஊரே அலைந்த கோடையில், எங்கள் ஆபீஸர் குடிதண்ணீரை ஊற்றி ஒரு கல்லைக் கழுவ வைத்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. படிப்பை முடித்து, பாறையில் கனிமம் தேடுகிற ஒரு சர்வே கூட்டத்தில் சேர்ந்திருந்தேன். எனக்குச் சொந்த ஊர் இண்டூர். கேம்ப் போட்டது பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம். சொந்த ஜில்லாவிலேயே உத்தியோகம் என்று வீட்டில் எல்லோருக்கும் பூரிப்பு. அந்த ஆபீஸரோடு ஒரு வாரம் ஒரே கூடாரத்தில் இருந்திருந்தால் பூரிப்பெல்லாம் போயிருக்கும். மனுஷன் வெற்றிலையை மென்று கூடாரத்து ஓரத்திலேயே துப்புவார். அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் என்று வையுங்கள்.

கேம்புக்கு அடுத்த வயலில் ஓர் அக்கா கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரருக்குப் பொம்மிடி ஸ்டேஷனில் வேலை என்பதால் நிலம் முழுக்க அக்கா பொறுப்பு. பழைய கிணறு வற்றிப்போய், அரை ஆள் உயரம் வளர்ந்த கரும்பு தண்ணீர் இல்லாமல் நின்றது. புதுக் கிணற்றில் சீக்கிரம் ஊற்று வந்தால் கரும்பு பிழைக்கும். வராவிட்டால் அந்த வருஷத்து உழைப்பு அத்தனையும் மாட்டுத் தீவனம்தான்.

ஒருநாள் வெடி வைத்த பிறகு, கிணற்றின் அடிச்சுவரில் வெங்கச்சங்கல் பட்டை ஒன்று குறுக்காகத் தெரிந்தது. பால் வெள்ளைக் கல்லுக்குள் ஈய நிறத்தில் வழுவழுப்பான செதில்கள். தொட்டால் விரலில் மை போல ஒட்டும். எஃகுக்கு உறுதி சேர்க்கிற மாலிப்டினம் அதில் இருந்தது. எனக்கும் கையும் காலும் ஓடவில்லை, பொய் சொல்வானேன்.

அந்தக் கல் அங்கே வந்த கதையை உலகமே அப்போதுதான் புதிதாகப் பேசத் தொடங்கியிருந்தது. கடலின் அடித்தரை கண்டத்துக்குக் கீழே சரிந்து இறங்கும். இறங்கும்போது தனக்குள் ஊறிய தண்ணீரையும் கூடவே கொண்டுபோகும். ஆழத்துச் சூட்டில் அந்தத் தண்ணீர் பிரிந்து மேலேறி, மேலே இருக்கிற சுடுபாறையில் கலக்கும். தண்ணீர் கலந்தால் பாறை குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். உருகிய குழம்பு மேலே வந்து மெல்ல ஆறும்போது, ஒவ்வொரு கனிமமும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு உறைந்துபோகும். எதோடும் ஒட்டாத செம்பு, மாலிப்டினம், கந்தகம் எல்லாம் கடைசியில் மிஞ்சுகிற கொதிநீரில் சேரும். அந்தக் கொதிநீர் பாறை வெடிப்புகளில் புகுந்து, ஆற ஆற, சுமந்துவந்ததை அங்கேயே இறக்கிவைக்கும். நம் பக்கத்து வெந்நீர் அண்டாவில் உப்பு படிகிறதே, அந்த மாதிரிதான். இதெல்லாம் நடந்து கோடிக்கணக்கான வருஷம் ஆயிற்று. மேலே நின்ற மலைகள் கரைந்துபோய், அடிவேர் மட்டும் நம் ஜில்லாவில் மிச்சம்.

டெல்லியிலிருந்து ஒரு பெரிய விஞ்ஞானி வருவதாக இருந்தது. பட்டையை அவருக்குப் பளிச்சென்று காட்டி நல்ல பெயர் வாங்க வேண்டும் என்பது ஆபீஸரின் கணக்கு. வெடி வைத்தால் பட்டை சிதறும், ஊற்று வந்தால் மூழ்கும். அதனால் கிணறு வெட்டுவதை நிறுத்தச் சொன்னார். இது சர்க்கார் கல், கைவைத்தால் கேஸ் ஆகும் என்று அக்காவை மிரட்டினார். அப்படி உத்தரவே கிடையாது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அக்காவிடமும் போய்ச் சொன்னேன். அதற்குள் ஆபீஸர் கிணறு வெட்டுகிற மேஸ்திரியைக் கூப்பிட்டு, வெடிமருந்து லைசென்ஸைத் தாசில்தாரை விட்டுப் பார்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டார். மறுநாளே ஆட்கள் கடப்பாரை, கூடை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வேறு கிணற்றுக்குப் போய்விட்டார்கள். சீ, என்ன பிழைப்பு இது.

பட்டையைப் படம் பிடித்தாயிற்று, துண்டும் எடுத்தாயிற்று, இன்னும் எதற்கு என்று கேட்டேன். அன்றைக்குக் கொதிநீர் வந்த வெடிப்பில்தான் இன்றைக்கு ஊற்றும் இருக்கும், பட்டைக்குக் கீழே ஒரு வெடி போதும் என்றும் சொன்னேன். விசிட் முடியட்டும் என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

விசிட் தள்ளிக்கொண்டே போனது. அக்கா தினமும் வேலியோரம் வந்து நிற்பார். "இன்னிக்காவது வர்றாருங்களா?" என்று கேட்பார். நான் இல்லை என்பேன். அவருக்குப் பின்னால் கரும்பின் நுனி மஞ்சளித்தது. பிறகு தோகை முழுக்கச் சருகானது.

கடைசியில் டெல்லி விஞ்ஞானி வந்த அன்றைக்குத்தான் அந்தக் கழுவல். ஊருக்கென்று மாட்டுவண்டியில் பீப்பாயில் வந்த குடிதண்ணீரை ஆபீஸர் வழிமறித்து வாங்கி, குடம் குடமாகக் கிணற்றுக்குள் இறக்கி, கல்லில் ஊற்றித் தேய்க்க வைத்தார். காலிக் குடத்தோடு பெண்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் நின்றார். தடுக்கப் போனபோது ஆபீஸர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

வந்த பெரிய மனிதர் கிணற்றுக்குள் இறங்கவே இல்லை. உள்ளே ஏதோ செத்து நாறியது. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு மேலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் அருமையாகப் பேசினார். பேசியது என்னவோ அத்தனையும் உண்மை. என்ன சொல்றாரு என்று அக்கா கேட்டார். "தண்ணிதானுங்கக்கா அந்தக் கல்லையே கொண்டாந்து சேர்த்துச்சுன்னு சொல்றாரு" என்றேன். அக்கா ஈரக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் வந்தவர்கள் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அந்தப் பட்டையில் தோண்டி எடுக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

விசிட் முடிந்ததும் ஆட்கள் திரும்பி வந்தார்கள். பட்டைக்குக் கீழே வைத்த முதல் வெடியிலேயே ஊற்று பீறிட்டது. வயலில் அதற்குள் கரும்பை அறுத்து மாட்டுக்குப் போட்டாயிற்று, வெறும் தூர்தான் நின்றது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கிணற்றின் முதல் தண்ணீரை, வயலுக்குச் சொந்தக்காரர் தன் கையாலேயே அங்கே நிற்கிற எல்லோருக்கும் ஊற்றுவார். ஆகாதவன் வந்து நின்றாலும் அவனைத் தாண்டிப் போகமாட்டார்கள். அக்கா செம்போடு வந்தார். வெட்டின ஆட்களுக்கு ஊற்றினார், எனக்கு ஊற்றினார். வேடிக்கை பார்க்க வந்த ஆபீஸரும் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் குவித்து நீட்டினார்.

"உங்களுக்குக் கல்லுதானுங்களே வேணும்" என்றார் அக்கா. செம்பில் இருந்த மிச்சத்தைக் காய்ந்த கரும்புத் தூரில் கவிழ்த்துவிட்டு, அடுத்த செம்பு மொள்ளப் போனார்.