கண்காட்சியில் எங்கள் மலைக் கல்

கலைக்கூடத்தின் கீழ்மண்டபத்துக்குள் நுழைந்ததுமே சித்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“புள்ள, அங்க பாரு. அது நம்ம மலைச் சாமி.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்து பிழைக்கிறவள் நான். என் படங்கள் சிலவற்றை மேல்மாடியில் ஓவியக் கண்காட்சியில் மாட்டியிருந்தார்கள். அதைக் காட்டத்தான் அட்டனில் பஸ் ஏற்றி, சித்தியைக் கொழும்புவரை கூட்டிப்போயிருந்தேன். “ஆட்டுக்குட்டிக்கெல்லாம் எதுக்குப் புள்ள சட்டை போட்டு வரையிற?” என்று வழியெல்லாம் என்னைக் கேலி செய்துகொண்டு வந்தவள், படத்தைப் பார்க்க வராமல் கீழே சிற்பங்களுக்கு நடுவில் நின்றுவிட்டாள்.

“எந்தக் கல்லப் பாத்தாலும் ஒங்களுக்குச் சாமிதானா? வாங்க, மேல போவோம்” என்றேன்.

அவள் அசையவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் நான் சரியாகப் பார்த்தேன்.

தேயிலை வெட்டும் பழைய கவ்வாத்துக் கத்திகளைக் குவித்துப் பற்றவைத்து, அந்தக் குவியலின் உச்சியில் எங்கள் கல்லை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். மேலேயிருந்து அதன்மேல் விளக்கு வெளிச்சம் விழுந்தது. எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்த அதே உச்சி. இடது பக்கம் எப்போதோ கத்தி பட்ட அதே வெட்டு. வெட்டுக்குள் மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மஞ்சளைப் பூசியவளே சித்திதான். பக்கத்தில் ஓர் அட்டையில் மூன்று மொழியிலும் ‘கைவிடப்பட்ட தெய்வம்’ என்று எழுதியிருந்தது. யார் கைவிட்டது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அட்டையைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

டிக்கோயாவில் எங்கள் தோட்டத்தில், கவ்வாத்து தொடங்கும் முன் அந்தக் கல்லுக்குத் தேங்காய் உடைத்துக் கும்பிட்ட பிறகுதான் ஆம்பிளைகள் கத்தியைத் தொடுவார்கள். போன வருஷம் கவ்வாத்துக்கு முதல் நாள் கல்லைக் கழுவப் போன சித்தி, அது இருந்த இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் முழுக்க ஒரே சத்தம். பழி போய் விழுந்தது அவள் புருஷன் தலையில். சித்தப்பா என் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. அப்போதுதான் ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார். ஒருநாள் ஏதோ வாய்ச்சண்டையில் “அது வெறும் கல்லுதான” என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தார். போதாதா? அவர்தான் கல்லை ஆற்றில் தள்ளிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தம்பியை என்ன செய்யலாம் என்று கோயில் கூட்டத்தில் அப்பாவிடம் கேட்டபோது, “தம்பின்னு பாக்க முடியுங்களா? நீங்களே பேசி ஒரு முடிவு பண்ணுங்க” என்றார். மனுஷன் என்றால் இவர்தான் மனுஷன் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

அதற்குப் பிறகு சித்தப்பா வீட்டுக்கு நல்லது கெட்டது எதற்கும் யாரும் போகவில்லை. அவர்கள் மகள் பெரிய பிள்ளை ஆனபோது தாய்மாமன்கூட எட்டிப்பார்க்கவில்லை. சித்தி ஆக்கிவைத்த சோறு அப்படியே கிடந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எங்கள் வீட்டிலும் அவர்களோடு பேச்சு நின்றுபோனது. நான் மட்டும் சித்தியை விடவில்லை.

இப்போது சித்தி என் பக்கம் திரும்பினாள். “இத யாரு குடுத்தான்னு கேளு புள்ள. எங்க வீட்டு மனுஷந்தான் குடுத்தாரான்னு கேளு.”

அங்கே நின்ற பெண்ணிடம் சிங்களத்தில் கேட்டேன். அவள் சிரித்த முகத்தோடு தூணுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். சிற்பி இந்தப் பொருட்களை எப்படிச் சேகரித்தார் என்பதை அங்கே ஒரு திரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்களாம்.

போய் நின்றோம். திரையில் எங்கள் மலை. பனிமூட்டம். அப்புறம் என் அப்பா.

நான் வாங்கிக்கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார். கல்லைத் திருப்பி அதன் முதுகில் ஓடிய விரிசலை விரலால் தடவிக் காட்டினார்.

“மரம் முறிஞ்சு விழுந்ததுல வெடிச்சிருச்சுங்க. வெடிச்ச கல்ல வச்சிக் கும்பிடக் கூடாது, ஆத்துலதான் விடணும். நீங்க ஆசையா கேக்குறீங்க, எடுத்துக்கிட்டுப் போங்க. நாங்க வேற கல்லு வச்சிக்குவோம்.”

சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. விரிசல் விட்ட கல்லை எடுத்துவிட்டு வேறு வைப்பது எங்கள் வழக்கந்தான். வேறு கல் வைப்பதற்குள் ஊர் கூடிவிட்டது. யாரையும் கேட்காமல் கொடுத்துவிட்டோமே என்று பயந்திருப்பார். இதே வார்த்தையைக் கூட்டத்தில் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அந்த வாய்தானே “தம்பின்னு பாக்க முடியுங்களா” என்றது. என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனுஷன். சித்தி முகத்தில் முழிக்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படம் முடிந்து மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. சித்தி அதையும் முழுசாகப் பார்த்தாள்.

“அப்பாவ என்னா வேணுன்னாலும் திட்டுங்க சித்தி” என்றேன்.

“ஒங்கப்பாவ விடு. சித்தப்பாவுக்குப் போனப் போட்டுக் குடு.”

வாசல் படிக்கு வந்து நம்பரை அழுத்தி, எனக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி அவளிடம் நீட்டினேன்.

“ஏங்க, கல்லு இங்க கொழும்புல இருக்கு. ஒங்க அண்ணந்தான் தூக்கிக் குடுத்திருக்காரு. படத்துல காட்டுறாங்க.”

“தெரியும்” என்றார் சித்தப்பா. “அண்ணன் அத வேன்ல ஏத்துறப்ப நான் மேல் ரோட்டுலதான் நின்னேன்.”

தெரிந்துகொண்டா இந்த மனுஷன் இத்தனையும் பட்டார்?

“தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?” என்றாள் சித்தி. “புள்ள சடங்குக்குக்கூட ஒருத்தரும் வரலியே.”

“கூட்டத்துல அவரே சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல. அதுக்கு மேல நான் சொன்னா, தப்பிக்கிறதுக்கு அண்ணன இழுக்குறான்னுதான பேசுவாங்க.”

“ஏங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுல்ல?”

“நான் எடுக்கலன்னு மொதல்ல ஒங்கிட்டதான சொன்னேன்” என்றார் சித்தப்பா. குரலில் கோபமே இல்லை. “அதையே நீ நம்பலியே.”

சித்தி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஆமாங்க” என்றாள்.