பதாவும் பத்தாவும்

"மேடம், பதா க்யா ஹை?" பொருள் கொண்டுவரும் டெலிவரிக்காரர் போனில் கத்துகிறார். மும்பை செம்பூரில் ஏழாவது மாடி, கதவில் பித்தளையில் என் பெயர். முகவரியைச் சொல்ல வேண்டியதுதானே? எனக்கு முதலில் சிரிப்பு வருகிறது, அப்புறம்தான் முகவரி வருகிறது. எத்தனை வருஷமானாலும் இதே வரிசைதான். பதா என்றால் முகவரி என்பதை நான் ஒரு கவுன்ட்டர் முன்னால் மானம் போய்க் கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். தேவ்நாரில் நான் மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த கம்பெனி ஒரு திங்கட்கிழமை திறக்கவேயில்லை. கேட்டில் பூட்டு, பூட்டின் மேல் மழை. எனக்கு இருபது வயது. நகக்கண்ணில் காய்ந்த பசை மட்டும் இன்னும் ஒரு வாரம் வேலையில் இருந்தது. இப்போதும் சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர்களைத் தாண்டும்போது, அந்த மைதா வாசனைக்கு என் கை ஒரு புட்டியைத் தேடும். சரி, அதை விடுங்கள்.

பக்கத்து மேசையில் லேபிள் ஒட்டிய ஜைனம்பு ராத்தாதான் சேதி கொண்டுவந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா முறைக்கு ராத்தா.

"ஏளா, வேல இல்லாதவங்களுக்கு சர்க்கார்ல பத்தா குடுக்காங்களாம்லா."

பத்தா என்றால் உதவித்தொகை. "பேருலயே பத்தாதுன்னு சொல்லிட்டான் பாத்தியா" என்று அவரே சிரித்தும் கொண்டார்.

ஆனாலும் போனோம். போகாமல் முடியுமா? தாராவியில் மாமா வீட்டின் ஒரு மூலைதான் என் பம்பாய். வேலை இல்லையென்றால் மூலையும் இல்லை. அத்தை அதற்குள் ஊருக்குப் போகிற ரயில் எத்தனை மணிக்கு என்று இரண்டு தடவை விசாரித்து வைத்திருந்தார்.

வேலைவாய்ப்பு ஆபீஸ் முழுக்க நனைந்த குடைகளின் வாசனை. கவுன்ட்டரில் இருந்த கண்ணாடிக்காரர் நிமிராமல் கேட்டார்.

"பதா?"

"ஹாம், பத்தா."

"பதா போலோ!"

"பத்தா சாஹியே, சாப்."

பேனா நின்றது. "அரே, பதா! பதா!"

"அதேதான் சாப், பத்தா!"

வரிசை மொத்தமும் சிரித்தது. ராத்தா பின்னாலிருந்து இடுப்பில் ஒரு குத்து விட்டார். "ஏ கிறுக்கி, வீடு எங்கனன்னு கேக்காருளா."

வெட்கத்தை விழுங்கிவிட்டு யோசித்தால், எங்களுக்கு முகவரி என்று ஒன்றே இல்லை. எங்கள் சந்தில் எந்தக் கதவுக்கும் எண் கிடையாது. தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் முனை பீடிக்கடையில் போட்டுவிட்டுப் போவார், பாதி பொட்டலமாகிவிடும். கவுன்ட்டர்காரர் பொறுமையாகத்தான் சொன்னார். பத்தாவெல்லாம் அப்புறம், முதலில் பெயர் பதிய வேண்டும். இன்டர்வியூ கார்டு தபாலில் வரும். வாங்க ஆளில்லாமல் திரும்பினால் பெயரை அடித்துவிடுவார்கள்.

நான் ஃபாரத்தைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் ராத்தாவின் கை என் தோளுக்கு மேலாக வந்து அதை அமுக்கிக்கொண்டது. "லிக்கோ சாப்" என்று எழுதச் சொல்லி, சயானில் தன் அண்ணன் நடத்திய தகரப்பெட்டிப் பட்டறையின் முகவரியைக் கடை எண்ணோடு சொன்னார். என் பெயருக்குக் கீழே அது ஏறியது. அப்புறம்தான் அவருடைய ஃபாரம்.

பத்தா வரவேயில்லை. அதற்காக ஒருநாளும் நான் வருந்தியதில்லை. மழை ஓய்வதற்குள் பட்டறைக்கு ஒரு இன்டர்வியூ கார்டு வந்தது, எனக்கு. ராத்தாவுக்கு வரவில்லை. எனக்கு வந்ததைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, சயானிலிருந்து தண்ணீரில் நடந்தே வந்தார்.

இப்போது அந்த ஆபீஸ் வரிசை இல்லை. சயானில் தகரத்தின் மேல் சுத்தியல் விழும் சத்தமும் இல்லை, பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. ராத்தா ஊருக்குப் போனபோது, அங்கத்து முகவரியைப் பட்டறையில் கேட்டுக்கொள்ளலாம் என்று அசட்டையாக இருந்துவிட்டேன். பட்டறையும் போயிற்று. எனக்கு முகவரி தந்தவருக்கு நன்றி எழுத ஒரு முகவரி என்னிடம் இல்லை.

அன்று ராத்தா கார்டைக் கொடுத்துவிட்டு, ஈர முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கிளம்பினார். பீடிக்கடை வரை போய்த் திரும்பினார்.

"ஏளா, நாளைக்கு அங்கயும் பதா கேப்பான், பத்தான்னு நிக்காத. எங்க பதாவையே சொல்லு. ஒனக்குன்னு ஒண்ணு அமையுற வரைக்கும் அது ஒம் பதாதான்."