ஐஸை நிறுத்துகிற வேலை

ஜெர்மனியின் ஆஹென் நகரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், ஐஸ் வளராமல் பார்த்துக்கொள்கிறேன் என்பேன். குளிர்காலத்தில் இதைச் சொன்னால் மரியாதையாகச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். துருவக் கடல் மீன்கள் சிலவற்றின் இரத்தத்தில் ஒரு புரதம் உண்டு. ஐஸ் துகள் முளைத்தால் அதன்மேல் ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு வளரவிடாது. மீனிடமிருந்து அதைப் பெறுவது பெரும்பாடு. அதனால் அந்த வேலையைச் செய்யக்கூடிய பாலிமர்களை நாங்கள் ஆய்வகத்தில் செய்கிறோம். உறையவைக்கும் செல்களை ஐஸ் கிழித்துவிடாமல் காக்கத்தான். சோதனை எளிது. ஆள் உயரத்திலிருந்து ஒரு சொட்டைக் குளிர்ந்த கண்ணாடியில் விழவிட வேண்டும். அது விரிந்து உறைந்ததும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். பாலிமர் இல்லாத சொட்டில் சின்னத் துகள்களை விழுங்கிப் பெரியவை ஊதும். பாலிமர் இருந்தால் எல்லாம் அப்படியே நிற்கும். அவ்வளவு படித்துவிட்டுச் சொட்டைக் கீழே போடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.

கீழ்வீட்டு அண்ணைக்கு இது தீராத விருந்து. யாழ்ப்பாணத்துக்காரர், பஸ் ஓட்டுகிறவர். வாஷிங் மெஷினில் போடும் சோப்பு உருண்டைக்கு மேலே கரைந்துபோகிற உறை இருக்கிறதே, ஏறக்குறைய அதுதான் என் பாலிமர் என்று ஒருநாள் உளறிவிட்டேன். அன்றிலிருந்து படிக்கட்டில் பார்த்தால் போதும்: "என்ன தம்பி, சோப்பு உறை எப்பிடிப் போகுது?"

பிறகு அவருக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அவருடைய ஸ்டெம் செல்களையே பிரித்தெடுத்து உறையவைத்தார்கள். அடுத்து, நோயோடு சேர்த்து மஜ்ஜையையும் அழிக்கும் கடுமையான மருந்து. அதன்பின் உறைந்தவற்றை இளக்கி அவருக்கே திரும்ப ஏற்றுவது. மருந்து ஏறிவிட்டால் பின்வாங்க வழியில்லை. பையில் இருப்பவை பிழைத்தால்தான் அவர் உடம்பில் மறுபடி இரத்தம் ஊறும்.

"ஷோனெஃபெல்ட் எயார்போட்டில வந்திறங்கேக்க என்னட்டை ஒண்டுமில்லை. இப்ப என்ர எலும்புக்குள்ள இருந்ததையே இவங்கள் பத்திரமா பிறிஜ்ஜில வைச்சிருக்கிறாங்கள்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கட சாமான் அதுக்குள்ள போட்டிருக்கினமோ?"

"இல்லண்ணே. அது மனுஷங்க கிட்ட வர இன்னும் ரொம்ப வருஷம் ஆகும். செல்லோட அவங்க கலக்குறது பழைய மருந்து. நல்லா வேலை செய்யும்."

பொய்யில்லை, நல்லாத்தான் வேலை செய்யும். ஆனால் இளகும்போது செத்துப்போகிற செல்களைத்தான் நான் வேலையில் தினமும் பார்க்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அண்ணையின் மனைவியான அக்காவுக்கு அந்த வாரம் பார்த்து ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. வார்டுக்குள் விடமாட்டோம் என்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் போனேன்.

மருந்து ஏற்றும் நாளில் நர்ஸ் ஒரு கிண்ணம் நிறைய நொறுக்கிய ஐஸைக் கொண்டுவந்து வைத்தார். மருந்து இறங்கும் நேரம் முழுக்க வாயை அது குளிர்வித்துக்கொண்டே இருந்தால் வாய் புண்ணாகாதாம். நான் கரண்டியால் அண்ணைக்கு ஊட்டினேன்.

"தம்பி, ஐஸை நிப்பாட்டுற ஆள் எண்டெல்லோ சொன்னனியள்?"

"இன்னிக்கு லீவுண்ணே."

சிரித்தார். கண்ணில் நீர் நின்றது. குளிராகவும் இருக்கலாம்.

ஒருநாள் விட்டு, பை வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டி. ஒரு நர்ஸ் பையில் இருந்த பெயரையும் பிறந்த தேதியையும் வாசிக்க, இன்னொருவர் சரிபார்த்தார். அப்படித்தான் செய்ய வேண்டும். எனக்குத் தெரியும். ஆனாலும் சீக்கிரம், சீக்கிரம் என்று உள்ளே அடித்துக்கொண்டது. மெதுவாக இளகும்போதுதான் துகள்கள் ஒன்றையொன்று விழுங்கும். பை தண்ணீருக்குள் போனது. வெள்ளைக் கட்டியின் ஓரம் மெல்ல இளஞ்சிவப்பானது. கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை பையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்கட முகத்தைப் பாக்கத்தான் எனக்குப் பயமாக் கிடக்கு. ஒரு பகிடி விடுங்கோ."

சாவு வீட்டில்கூட வாயை அடக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்கியவன் நான். அன்றைக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"வரலண்ணே."

"அப்ப கையைப் பிடியுங்கோ."

பிடித்துக்கொண்டேன். குழாய் வழியாக அது இறங்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் உறையும்போது செல்களைக் காக்கும் அந்தப் பழைய மருந்தின் மணம் அவர் மூச்சில் வந்து அறை முழுக்கப் பரவியது.

"உள்ளி மணக்குதோ?"

"பூண்டு ரசம் வச்ச வீடு மாதிரி இருக்குண்ணே."

"கடைசியில பகிடி விட்டிட்டியள்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். தினமும் இரத்தம் எடுத்தார்கள், தினமும் ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்தது. பேச்சு குறைந்தது. நான் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று கையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போவேன். சோப்பு உறை எப்படிப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு காலை, பாலிமர் இல்லாத சொட்டு ஒன்றை விழவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தேன். போன் அடித்தது. ஜலதோஷம் விட்டு வார்டுக்குப் போய்வரத் தொடங்கியிருந்த அக்கா.

"தம்பி, ஏறத் தொடங்கீட்டுதாம். வெள்ளை அணுக்கள். டொக்டர் இப்பதான் சொல்லீட்டுப் போறார். பொறுங்கோ, இவர் கதைக்கப் போறாராம்."

நூல் போல ஒரு குரல் வந்தது. "உங்கட சோப்பு உறை இல்லாமலே பிழைச்சு வந்திருக்குதுகள். இனி உங்கட வேலைக்குத்தான் ஆபத்து."

"ஆமாண்ணே," என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால், படமெடுக்க வேண்டிய நேரம் போயிருந்தது. கண்ணாடியில் ஐஸ் தன் இஷ்டத்துக்குப் பாளம் பாளமாக வளர்ந்து கிடந்தது. அதைத் துடைத்தேன். அடுத்த சொட்டில் பாலிமரைக் கலந்துகொண்டு முக்காலியில் ஏறினேன்.