நாற்பது விநாடி

"நாற்பது விநாடி பாரும்மா. ஆள் கவுண்டருக்கு வரலைன்னா 'வரவில்லை'ன்னு அழுத்திட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடு."

"சார், வயசானவங்க நடந்து வரவே அதைவிட நேரமாகுமே?"

"புது டோக்கன் எடுத்துக்கட்டும். காத்திருக்கிற நேரம் மறுபடி பூஜ்யத்திலேர்ந்து ஓடும். தாமதத்தைக் குறைன்னு மேலிடம் சொல்லிச்சு. குறைச்சாச்சு."

பத்திரப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரில் கணினி வேலை பார்ப்பவள் அவள். தன் அதிகாரியோடு பேசிய இந்தப் பேச்சு அவளுக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. அதன் பிறகு நடந்ததும் அப்படித்தான். கதை கட்டுகிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அவள் பயந்தவளே அல்ல. கரண்ட் போனால் வீட்டில் மெழுகுவர்த்தி தேடி எழுந்து போவது அவள்தான். அவள் கணவன் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்கமாட்டான்.

ஒரே மாதத்தில் கூடத்துப் பெரிய திரையில் பச்சை எழுத்து மின்னியது. 'சராசரி காத்திருப்பு: 18 நிமிடம்.' பாராட்டுக் கடிதம் வந்தது. அதிகாரி அதைச் சட்டம் போட்டு மாட்டினார். காலை ஒன்பதிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பதினெட்டை அண்ணாந்து பார்ப்பார்கள். அவர்களை அவளும் பார்ப்பாள். ஆனாலும் அழுத்தினாள். ஒரு நாளைக்கு முப்பது பேர், நாற்பது பேர். வாசல் காவலாளி அவளுக்குப் பெயரே வைத்துவிட்டான், 'பட்டன் அக்கா' என்று.

அப்படி எண்ணை இழந்தவர்களில் ஒரு பெரியவர். கையில் ஊன்றுகோல், அக்குளில் ஒரு பிளாஸ்டிக் உறை. அவருக்கு எப்போதும் கடைசி பெஞ்சில்தான் இடம் கிடைக்கும். அங்கிருந்து மூன்றாம் கவுண்டருக்கு அவர் வந்து சேர ஒன்றரை நிமிடம்.

"வந்திருக்கேம்மா... இதோ வந்துட்டேன்."

"நம்பர் போயிடுச்சு தாத்தா."

"தாத்தாவா? என் வீட்டுக்காரி காதுல விழுந்தா உங்கிட்ட சண்டைக்கு வருவா." மூச்சு வாங்கச் சிரித்தார். உறையைக் காட்டினார். "வீட்டை அவ பேருக்கு எழுதிட்டேன். பதிஞ்சுட்டாப் போதும். பிள்ளை குட்டி இல்ல. என் அண்ணன் பசங்க நான் எப்பக் கண்ணை மூடுவேன்னு வாசல்லயே நிக்கிறானுங்க. எனக்கு அவசரமில்ல தாயி, அவனுங்களுக்குத்தான்."

இரண்டாம் முறையும் அதே கதைதான்.

மூன்றாம் முறை ஒரு புதன்கிழமை. எண் 63. மணி 3:52. பெரியவர் கூடத்தின் பாதியைத் தாண்டிவிட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவரும் பார்த்தார். அதிகாரி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். 'அதோ வர்றார் சார், வந்தார்னு போட்டுடறேன்' என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் விட்டாள்.

அழுத்தினாள்.

பெரியவர் நின்றார். திரும்பி நடந்தார். போவதற்கும் ஒன்றரை நிமிடம் ஆயிற்று.

அடுத்த புதன். மழை. கூடத்தில் கூட்டமே இல்லை. எண் 74 முடிந்திருந்தது. கடைசியாக இருந்தவரும் குடையை விரித்துக்கொண்டு வெளியேறினார்.

மணி 3:52.

'டிங்.'

திரையில் எண் மாறியது. 63.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. 63 அன்று மதியமே முடிந்த எண். ஏதோ கோளாறு என்று 'வரவில்லை'யை அழுத்தினாள்.

'டிங்.' மறுபடியும் 63.

அழுத்தினாள். 63.

டக்...

கடைசி பெஞ்சுப் பக்கம். கட்டை தரையில் ஊன்றும் சத்தம்.

டக்... டக்...

அங்கே யாரும் இல்லை. ஈரத் தரை மட்டும் பளபளத்தது. சத்தம் பாதிக் கூடம் வந்தது. அங்கே நிற்கவில்லை. தாண்டியது.

கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக ஒன்றரை நிமிடம்.

கவுண்டருக்கு எதிரே இருந்த நாற்காலி கிறீச்சிட்டது.

படம் எடுக்கும் கேமரா தானாகவே விழித்துக்கொண்டது. கணினியில் நாற்காலியின் படம் விழுந்தது. காலி நாற்காலி. ஆனால் ஒருவர் மடி இருக்கவேண்டிய உயரத்தில்... ஒரு பிளாஸ்டிக் உறை. அந்தரத்தில்.

நிமிர்ந்து நேரே பார்த்தாள். உறை இல்லை.

படத்தில் இருந்தது.

கைரேகைக் கருவியின் சிவப்பு விளக்கு பச்சையானது. மணி 3:54.

கண்ணாடித் தடுப்பில் அவள் முகத்துக்கு நேராக ஆவி படிந்தது. யாரோ மூச்சு வாங்குவதுபோல்.

"வந்திருக்கேம்மா..."

காதருகில்.

பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

வியாழன் காலை பதினொன்று இருபது. ஓர் அம்மாள் கவுண்டரில் வந்து நின்றார். கையில் அதே பிளாஸ்டிக் உறை.

"ஏம்மா, இங்க பட்டன் அழுத்துற பொண்ணு நீதானா?"

அவள் தலையசைத்தாள்.

"போன வாரம் புதன் இங்கிருந்து வந்தவர் சாப்பிடல. ராத்திரி பூரா தூக்கத்துல 'வந்திருக்கேன், வந்திருக்கேன்'னு சொல்லிக்கிட்டே கிடந்தார். நான் பக்கத்துலதான் இருக்கேன், எங்கய்யா வந்திருக்கேன்னு கேட்டேன். விடியறப்ப போயிட்டார்."

போன வியாழன் விடியற்காலை. அப்படியானால் நேற்று...

"அண்ணன் பசங்க வீட்டுக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க. அவர் உசுரோட இருந்தப்பவே நேர்ல கொண்டு வந்தார்னு ஆபீஸ் பதிவு இருந்தா பத்திரம் நிக்கும்னு வக்கீல் சொல்றார். விசாரிச்சா, உங்க கம்ப்யூட்டர்ல மூணு தடவையும் அவர் வரவே இல்லைன்னு இருக்காமே? ஒண்ணரை மைல் நடந்து வந்த மனுஷன்மா அவர். யார் கண்ணுலயும் படலையா?"

 அவள் கணினியில் முந்தின நாள் பதிவேட்டைத் திறந்தாள். கோளாறு என்றால் அங்கே ஒன்றும் இருக்காது.

இருந்தது.

'எண் 63. புதன், மாலை 3:54. கைரேகை பொருந்தியது.' பக்கத்தில் பெரியவரின் அடையாள எண்.

எரித்து ஆறு நாளான விரல்.

அது எப்படி என்று இதுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. அன்று அவளுக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை. பயம் போய்விட்டிருந்தது. அது இருந்த இடத்தில் வேறொன்று கொதித்தது. அந்தப் பச்சைப் பதினெட்டின் மேல், சட்டம் போட்ட கடிதத்தின் மேல், எல்லாவற்றையும்விடத் தன் வலது கை விரலின் மேல்.

அம்மாளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். அதிகாரியின் அறைக்குள் தட்டாமல் நுழைந்தாள்.

"என்னம்மா இது, கவுண்டரை விட்டுட்டு? மணி ஓடுதில்ல?"

"ஓடட்டும் சார். போன வாரம் புதன் மூணு ஐம்பத்திரண்டுக்கு 63-ஆம் நம்பர்க்காரர் பத்திரத்தோட வந்துக்கிட்டிருந்தார். நான் பார்த்தேன், நீங்களும் பார்த்தீங்க. அவர் வந்தார்னு ஆபீஸ் பதிவுல எழுதுங்க."